சந்திரமதியின் முப்பத்திரண்டு தகடுகள்

மலேசியாவின் ஜொகூர் பாரு நகரத்துத் தம்போயில் சந்திரமதி எதிரே வந்தால் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். மாட்டினால் சோலார் பற்றிய பேச்சு. அரை மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வந்தவள். எல்லைப் பாலத்து நெரிசலில் வெந்தபோதுதான், இவ்வளவு வெயிலும் வீணாகிறதே என்று தோன்றியதாம். நாற்பது வயதில் வேலையை விட்டு, கூரைகளில் சூரியத் தகடு பொருத்தக் கற்றுக்கொண்டாள். பூமி சூடாகிறது என்று அவள் சொன்னால், ஜொகூர் என்றைக்குக் குளிர்ந்தது என்று கேட்டுவிட்டு ஏர்கோனைத் தட்டிவிடுவார்கள் நம் ஆட்கள்.

ஒரு வருடம் மன்றாடி, கோயில் மண்டபத்து மொட்டை மாடியில் முப்பத்திரண்டு தகடுகள் வைக்கச் சம்மதம் வாங்கினாள். கோயிலில் ஓடினால் நாமும் வைக்கலாம் என்று குடியிருப்புத் தாமானே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஜோராக ஓடியது. அக்டோபரில் ஒரு நாள் மின்சாரம் திடீரென்று மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

கோயில் தலைவர் ராஜசேகரனுக்கு முதலிலிருந்தே இதில் பிடித்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் சரியாகாவிட்டால் கழற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.  இது கழன்றால் தம்போயில் இன்னொரு கூரையில் ஏணி சாய்க்க விடமாட்டார்கள். இரண்டு நாள் சந்திரமதி கீழே இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து ஒயர் ஒயராகச் சோதித்தாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மாடிக்குப் போய்ப் பார்க்கலாமே என்று அந்தக் கெட்டிக்காரிக்குச் சனிக்கிழமை காலையில்தான் தோன்றியது.

முப்பத்திரண்டு தகடுகளிலும், நட்டநடுவில், அப்பளம் அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. ஒரு கட்டம் மறைந்தாலே அந்தத் தகட்டில் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யாது.

விறுவிறுவென்று இறங்கி வந்து கோயில் மாதர் பிரிவுத் தலைவி புஷ்பவள்ளியைப் பிடித்தாள். அந்த அம்மாள் அசரவில்லை.

"ஆயுத பூஜைக்கு வாசல்ல நிக்கிற லோரி, காடி, வீட்டுக் கிரைண்டர் எல்லாத்துக்கும் வச்சோம். இதுவும் கோயிலுக்குத்தானே உழைக்குது, விட்டுட முடியுமா? மூட்டு வலியோட நானே ஏறி வச்சேன் லா."

திட்ட வந்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! இவர்களோ தகடுகளைத் தங்கள் வீட்டு வண்டியோடு சேர்த்துவிட்டார்கள். சந்திரமதிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் துடைத்துத்தானே ஆகவேண்டும்? அதைச் சொன்னதும் புஷ்பவள்ளியின் முகம் சுருங்கியது. வைத்த பொட்டை அழிப்பதா என்று கேட்டார்.

"அழிக்கலக்கா, அபிஷேகம் பண்ணலாம். தண்ணி மட்டும் போதும், பாலு தேனெல்லாம் வேணாம். அப்புறம் ஓரச் சட்டத்துல பொட்டு வச்சுக்கலாம்."

பத்துப் பெண்கள் வாளியோடு ஏறினார்கள். நண்பகலுக்குள் மின்சாரம் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு கூட்டத்தில் கழற்றும் பேச்சே எழவில்லை. மாதாமாதம் தகடுகளுக்கு அபிஷேகம் செய்வது எந்தக் குடும்பம் என்பதில்தான் சண்டை. முதல் மாத உபயத்தைத் தன் பெயரில் எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவர் ராஜசேகரன்.