பூச்சிக்குப் போட்ட ஊசி

எங்கள் வீட்டு நாய் எங்கள் வீட்டு வேலைக்காரியைக் கடித்தது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, தப்பு வேலைக்காரியுடையது என்று முடிவு செய்தார்கள். வாலை மிதித்திருப்பாள் என்றார்கள். அவள் மிதிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

ஆரியசாலையில் எங்களுக்கு மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம். தெருவைப் பார்த்துக் கடை, நடுவில் மூட்டை அடுக்கிய கிட்டங்கி, அதற்குப் பின்னால் வீடு. ஞானம்மா பின்பக்கத்துச் சந்து வழியாக வருவாள். வேலைக்காரர்கள் கடை வழியாக வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். கூட்டித் துடைத்து, பாத்திரம் கழுவிவிட்டு அதே சந்து வழியாகப் போய்விடுவாள். பாறசாலைப் பக்கத்துக்காரி. கரமனை ஆற்றோரம் குடிசை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நாயின் பெயர் கைசர். செம்பட்டை நிறம். கிட்டங்கிக் காவல் அதற்கு. குட்டியாக வந்ததிலிருந்து வற்றல் நெடியிலேயே வளர்ந்தது. புதிதாக யார் கிட்டங்கிக்குள் காலை வைத்தாலும் தும்மித் தும்மிக் கண்ணீர் விடுவார்கள். கைசர் வற்றல் மூட்டையின் மேலேயே படுத்துத் தூங்கும். அது தும்மி நான் கேட்டதில்லை.

அந்த ஆடி மழையில் பகலிலும் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. நான் சந்தில் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். கைசர் வந்து அந்தப் புண்ணை நக்கியது. வழக்கம்போல் இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போகவில்லை. விடாமல் நக்கியது. தள்ளினாலும் திரும்ப வந்தது. அதன் பிறகு மாடிப்படிக்கு அடியில் இருட்டுக்குள் போய்ப் படுத்தது, வெளியே வரவேயில்லை. சோறு வைத்தால் தொடவில்லை. கயிற்றையும் சாக்கையும் கடித்துத் துப்பியது. குனிந்து பார்த்தேன். வாய் பிளந்து கிடந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை.

படிக்கட்டுக்கு அடியிலிருந்து நாற்றம் வந்ததும் அம்மா ஞானம்மாவைக் கூப்பிட்டாள்.

“அங்க நல்லாக் கழுவி விடுட்டி.”

“நாய் கெடக்கேம்மா. அதுக்கு மேலுக்கு முடியலபோலத் தெரியுது.”

“நம்ம கைசர்தானே. ஒன்னய முழுசாவா முழுங்கிரும்? தள்ளிப் படுன்னு சொன்னா படுக்கப்போவுது.”

ஞானம்மா துடைப்பத்தோடு குனிந்தாள். கைசர் குரைக்கவில்லை, உறுமவில்லை. சத்தமே இல்லாமல் வந்து அவள் கெண்டைக்காலைப் பிடித்தது. அவளும் கத்தவில்லை. நாயும் ஆளும் ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியே நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் அது தானாகவே விட்டுவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது.

அம்மா சுண்ணாம்பு வைத்துக் கட்டினாள். “வாலை மிதிச்சிருப்ப” என்றாள். ஞானம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அழுததால், அப்பா சித்தப்பாவைத் துணைக்கு அனுப்பினார். துணைக்கு இல்லை, பேசுவதற்கு. வீட்டு நாய் சார், நல்லாச் சாப்பிடுது, வாலை மிதிச்சிட்டா என்று டாக்டரிடம் சொன்னது சித்தப்பாதான்.

திரும்பி வந்த ஞானம்மா புறவாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

“நாயைக் கெட்டிப் போட்டுப் பாக்கச் சொன்னாரு மக்ளே. அதுக்கு ஒண்ணும் ஆவலேன்னா எனக்கும் ஒண்ணும் ஆவாது. செத்துப்போச்சுன்னா ஒடனே வரணுமாம், வயித்தச் சுத்தி ஊசி போடணுமாம். ஊசி போடாட்டி நான் செத்துருவேனாம்.”

எனக்கு அது ஒன்றுதான் விளங்கியது. ஞானம்மாவின் உயிரை யாரோ எடுத்து எங்கள் நாய்க்குள் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு படிக்கட்டுப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது படிக்கட்டுக்கு அடியில் பினாயில் வாடை. நாய் இல்லை. சாக்கும் இல்லை. கைசர் எங்கே என்று கேட்டேன். குளிப்பாட்டக் கொண்டுபோயிருக்கிறது என்றார் சித்தப்பா. கொட்டுகிற மழையில் எந்த நாயையாவது குளிப்பாட்டக் கொண்டுபோவார்களா? கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் கிட்டங்கியின் கடைசி மூலையில் கைசர் கட்டிக் கிடந்தது. அதே செம்பட்டை, அதே கழுத்துப்பட்டை. அன்று விடிகாலையில்தான் வித்துராவிலிருந்து நல்லமிளகு லாரி வந்திருந்தது. லாரியையும் நாயையும் சேர்த்து நினைக்கிற வயசில்லை எனக்கு. கைசர் என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். அது திரும்பவில்லை. இன்னும் கிட்டே போனேன். பல்லைக் காட்டியது. பிறகு தும்மியது.

தும்மிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் ஒழுக, மூட்டைகளுக்கு நடுவில் அந்த இருட்டில் நின்று தும்மியது. நான் வீட்டுக்குள் ஓடிவந்து அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, அது கைசர் இல்ல.”

“கைசர்தான். மழையில சளி பிடிச்சிருக்கு.”

அப்பாவும் கைசர்தான் என்றார். சித்தப்பா அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சோறு வைத்தார். பெரியவர்கள் எல்லோருக்கும் கைசராகத் தெரிகிற ஒன்று எனக்கு மட்டும் வேறாகத் தெரிந்தது. ஒரு உடம்புக்குள் வேறு யாரோ புகுந்து உட்கார்ந்துகொண்டு தும்முகிறார்கள். ஞானம்மாவின் உயிர் இப்போது அதற்குள் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். பென்சிலைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஞானம்மா தினமும் வந்ததும் முதல் வேலையாகக் கிட்டங்கி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். கிட்டே போக அம்மா விடவில்லை. கடித்த நாய், மறுபடி கடிக்கும் என்றாள்.

“தும்முதேம்மா. அதுக்குத் தீனம் ஒண்ணும் இல்லியே?”

“சளிதாங்கேன். நாய் நல்லா நிக்கி, பாத்தியா? ஒனக்கு ஒண்ணும் வராது. போ, பாத்திரம் கெடக்கு.”

நாய் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு ஞானம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள். சிரித்த முகத்தோடு வேலைக்குப் போவாள்.

அந்த நாட்களில் அம்மா அவளிடம் அநியாயத்துக்கு அன்பாக இருந்தாள். காலையில் வந்ததும் எங்கள் வீட்டுச் செம்பிலேயே தண்ணீர் மொண்டு கொடுப்பாள். அதற்கு முன்னால் ஞானம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றடியில் அவளே இறைத்துக் குடிக்க வேண்டும். இப்போது அம்மா கொடுத்துவிட்டு எதிரே நிற்பாள். சித்தப்பாவும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து கதவோரம் நிற்பார். ஞானம்மா அண்ணாந்து குடிப்பாள். இரண்டு பேரும் அவள் தொண்டையையே பார்ப்பார்கள். செம்பு காலியானதும் அம்மாவின் தோள் இறங்கும். ஒரு ஆள் தண்ணீர் குடிப்பதை இரண்டு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதே நாட்களில் ஒரு சாயங்காலம் சித்தப்பா என்னைத் தம்பானூருக்குக் கூட்டிப்போனார். ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில், தெரிந்த டாக்டர். வயிற்றில் பூச்சி இருக்கிறது, அதற்கு ஊசி என்றார்கள். மேசையில் படுக்கவைத்து, கவுனைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறினேன். பிறகு சித்தப்பா அதே மேசையில் படுத்துச் சட்டையைத் தூக்கினார். அவருக்கும் பூச்சியாம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். தினமும் ஒரு ஊசி, தொப்புளைச் சுற்றி ஒவ்வொரு இடமாக. வயிறு கல்லாக வீங்கியது.

வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பூச்சிக்கு ஊசி போட்டதில் மறைக்க என்ன இருக்கிறது? ஞானம்மாவிடம் சொன்ன மாதிரியே என்னிடமும் பொய் சொன்னார்கள். அங்கேதான் கோட்டைவிட்டார்கள்.

ஒருநாள் வயிற்று வலியால் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா குளிக்கப் போயிருந்தாள். ஞானம்மா தரையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

“என்ன மக்ளே, சுருண்டு கெடக்க?”

“வயிறு வலிக்கு. ஊசி போட்டாங்க.”

“கையில போட்டா வயிறு எப்படி வலிக்கும்?”

“கையில இல்ல. இங்க.”

கவுனைத் தூக்கிக் காட்டினேன். தினமும் போட்டார்கள், பூச்சிக்கு, சித்தப்பாவுக்கும் பூச்சி என்று பெருமையாகச் சொன்னேன். ஞானம்மா ஈரத்துணியைக் கீழே வைத்தாள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்த ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொடாமல், காற்றிலேயே சுட்டிப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே எண்ணினாள். பிறகு கவுனை மெதுவாக இறக்கி, சுருக்கம் நீவிவிட்டாள்.

எழுந்து கிட்டங்கிக்குள் போனாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக நாயின் முன்னால் போய் நின்றாள். நான் வாசலில் இருந்து பார்த்தேன்.

“கைசரே” என்றாள்.

அது தும்மியது.

“கைசரே.”

அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. ஞானம்மா புறவாசலுக்குத் திரும்பவில்லை. மூட்டைகளுக்கு நடுவே நடந்து கடைக்குள் போனாள். ஓணத்துக்குச் சரக்கு எடுக்க வந்தவர்கள் மல்லி மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

“மொதலாளி, ஒங்க பிள்ளைக்கு வயித்தச் சுத்தி ஊசி. ஒங்க தம்பிக்கும் ஊசி. எனக்கு மட்டும் நாய் நல்லா நிக்கி, இல்லியா?”

மல்லிக்குள் கை வைத்திருந்த ஒருவர் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தார். ஞானம்மா கடைப்படி இறங்கி, மழையில் தலையைக்கூட மூடாமல் ஓடினாள்.

“கிறுக்குப் பிடிச்சவ” என்றார் அப்பா. கிட்டங்கி நிறைய ஓணச் சரக்கு. வெறிநாய் படுத்துப் புரண்ட மூட்டை என்று தெரிந்தால் சாலைக் கம்போளச் சந்தையில் ஒருவன் வாங்க மாட்டான். அதற்காகத்தான் சித்தப்பா கையால் ஒரு நாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் இன்னொரு நாயைக் கொண்டுவந்தார்கள். தண்ணீரைக் கண்டு மிரள்கிறாளா என்று தினமும் ஒருத்தியை நிற்கவைத்துப் பார்த்தார்கள். ஒருவர்கூட, ஓடு, போய் ஊசி போடு என்று சொல்லவில்லை. அந்த மல்லி முழுக்க ஓணத்துக்குள் விற்றது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் எல்லோருக்கும் புதுத்துணி.

ஞானம்மா பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் படியை அவள் மறுபடி மிதிக்கவில்லை. ஓணம் கழிந்து ஒருநாள் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்க்காதவள்போல் இருந்துகொண்டு, “வயிறு வலி போச்சா மக்ளே?” என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அவள் ஓடிப்போன அந்த நாளில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். குளித்த தலையோடு அம்மா வந்தாள். கடையிலிருந்து அப்பா வந்து ஏதோ சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அவகிட்ட என்னத்தட்டி காட்டுன?”

கவுனைத் தூக்கிக் காட்டினேன் என்றேன். அடி விழுந்தது. முதுகிலும் தொடையிலும் விழுந்தது. அம்மா அழுதுகொண்டே அடித்தாள்.

“பொம்பளப் பிள்ளை கண்டவகிட்டயும் கவுனத் தூக்கிக் காட்டுவியா? காட்டுவியாட்டி?”

அன்று சாயங்காலமும் தம்பானூருக்குப் போனோம். டாக்டர் கவுனைத் தூக்கச் சொன்னார். நான் இரண்டு கையாலும் கவுனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மா அடிப்பாள் என்றேன். பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று டாக்டர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். வெட்கங்கெட்ட காரியம் செய்துவிட்டேன், அதற்குத்தான் அடி என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தேன்.