நாலாவது காடி

தெருவில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர்; அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்கமாட்டாள். கிட்டார் செய்கிறவள். யாராவது "சுமாரா ஒரு சாண் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று மத்தியானம் வேலையில் மனம் நிற்கவில்லை.

காரணம், பட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பி. வண்டியிலிருந்து விழுந்ததில் அவனுடைய இடது சுண்டுவிரல் விறைத்துப்போய், முன்போல் விரியவில்லை. கிட்டார் வாசிப்பதை விட்டுவிட்டான். பேச்சையும் பாதி விட்டுவிட்டான். அவள்தான் நச்சரித்து, விரலை அதிகம் விரிக்க வேண்டாத, நீளம் குறைந்த கிட்டார் ஒன்றுக்குச் சம்மதிக்க வைத்தாள்.

"இது ஒண்ணுதான்க்கா. இதுலயும் எட்டலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

கழுத்துப் பலகையில் ஃபிரெட் கம்பிகள் உட்காரக் குறுக்கே மெல்லிய பள்ளங்களாகக் காடிகள் அறுக்க வேண்டும். காடி இடம் மாறினால் சுரம் பொய் சொல்லும். எண்ணிக்கை மேலிருந்துதான்; ஆனால் அவள் கீழ்முனையில் தொடங்கி மேலே போவாள். கத்தி முனையைப் பலகைமேல் மெல்ல நகர்த்தினால், கீறிக் குறித்த கோட்டில் அது டக்கென்று விழும். அங்கே ரம்பம் விலகாமலிருக்க ஒரு கட்டையை அணைத்து ரம்பத்தை வைப்பாள். கண்ணைவிடக் கையைத்தான் அவள் நம்புவாள்.

ஐந்தாவது வரை வந்தாயிற்று. கத்தி நகர்ந்தது, விழுந்தது. நாலாவதை அறுத்தாள். மூன்றாவதைத் தேடி மறுபடி நகர்த்தினாள். நகர்த்திய மாத்திரத்தில் விழுந்தது. இவ்வளவு சீக்கிரமா? அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பலகையில் அவள் முதலில் வழக்கமான நீளத்துக்குத்தான் கோடு போட்டிருந்தாள். அவன் விழுந்த பிறகு எல்லாவற்றையும் இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் குறித்தாள். ஒரு கோடு மட்டும் ஆழமாக நின்றிருக்கிறது, பழைய நாலாவது. பாழாய்ப்போன கை அதைத்தான் பிடித்திருக்கிறது. உண்மையான நாலாவது எட்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. வேறு பலகையும் கிடையாது. அடுத்தது எப்போது வரும் என்று மரக்கடைக்காரருக்கே தெரியாது.

"ஏன்க்கா நிறுத்திட்ட?"

மழுப்பலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "தப்பா அறுத்துட்டேன்டா."

அவன் எழுந்தான். "சரி, விடுக்கா. நமக்குக் கொடுத்து வைக்கலை."

"உக்காருடா! வாசல் தாண்டினா காலை ஒடிச்சிடுவேன்."

 அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் போய்விட்டால் திரும்பி வரமாட்டான். ஆனால் அவன் உட்கார்ந்தான்.

அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்துத் தப்புக் காடியை அடைத்தாள். இறுகியதும் சரியான கோட்டில் ரம்பத்தை வைத்தாள். இந்த முறை அளவுகோல், கண், கை மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் அறுத்தாள்.

தந்தி கட்டிய அன்று அவன் அதே முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். மூன்று விரல்கள் சுலபமாக உட்கார்ந்தன. சுண்டுவிரல் வெடவெடவென்று ஆடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் நகர்ந்து, நகர்ந்து, நாலாவது ஃபிரெட் கம்பியை ஒட்டி அமர்ந்தது. மீட்டினான். பிசிறில்லாமல் ஒலித்தது.

கம்பியைத் தாண்டி மெல்லிய தழும்பாக ஒரு கோடு தெரிந்தது. "இது என்னக்கா?"

"அதான் பழைய நாலாவது."

அவன் விரலை அதுவரை நீட்டிப் பார்த்தான். முகம் சுளித்தது. "இது வரைக்கும் வரலைக்கா."

"வர வேண்டாம்டா. நீ வாசி."