நூலை விழுங்கிய மேனேஜர்

டெய்லரக்காவுக்குக் கோழி என்றாலே ஆகாது. தைக்க வந்த துணிமேல் ஏறி நிற்கும். அளவு நாடாவைக் கொத்தி இழுக்கும். விரட்டினால் ரெண்டடி தள்ளிப்போய் நின்று முறைக்கும். அது நாத்தனார் வளர்த்த கோழி. செம்பழுப்பு நிறம், பருத்த உடம்பு, அவசரமே இல்லாத நடை. அந்த நடைக்காகவே அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள் நாத்தனார்.

வீடு ரெண்டு பெண்களுக்கும் பொது. டெய்லரக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அவருடைய தங்கைதான் நாத்தனார். அவளும் தன் கணவர் போனபிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒரே சமையலறையில் ரெண்டு அடுப்பு. "தண்ணி வந்துருச்சு", "கதவைச் சாத்திக்குங்க" என்பதற்கு மேல் பேச்சு நீளாது.

மருமகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதால் நாத்தனார் பத்து நாள் மகன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. பையோடு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணி, கோழியைப் பாத்துக்குங்க. சாயங்காலம் கூண்டுல விட்டு மறக்காம கொக்கி போட்ருங்க."

"போடறேன், போடறேன். நீ பஸ்ஸை விட்றாத."

மூன்றாம் நாள் காலை கூண்டைத் திறந்தபோது மேனேஜர் வெளியே வரவில்லை. இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. தானியத்தை இறைத்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தபோது கழுத்துக்குக் கீழே நெஞ்சில் ஒரு பந்து கையில் தட்டியது. வாயைத் திறந்தால் புளித்த நாற்றம்.

டெய்லரக்கா மிஷின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு வாரம்கூட இல்லை. நாற்பது சீருடை வெட்டாமல் கிடக்கிறது. மிஷினைத் துணிபோட்டு மூடிவிட்டு, கோழியைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறினாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு ஆட்டுக்கும் ரெண்டு நாய்க்கும் பின்னால் வரிசை. டாக்டர் சின்ன வயசுப் பெண். கோழியின் நெஞ்சை விரல்களால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"இது தீனிப்பைம்மா. தின்னது முதல்ல இங்கதான் சேரும். காலையில காலியா இருக்கணும். இதுல ஏதோ அடைச்சிருக்கு. புல்லு, கயிறு மாதிரி நீளமா எதையாவது முழுங்குச்சா?"

டெய்லரக்காவுக்குக் கொல்லை மூலை ஞாபகம் வந்தது. தினமும் மிஷினடியில் சேரும் நூலையும் துண்டுத் துணியையும் கூட்டிக் கொல்லை மூலையில் தள்ளுவது அவள்தான்.

"நூலா இருக்குமோ டாக்டர்?"

"இருக்கலாம். ரெண்டு நாள் தீனி கொடுக்காதீங்க, தண்ணி மட்டும் போதும். ஒரு நாளைக்கு நாலு தடவை வாயில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இப்படி மெதுவா பிசைஞ்சு விடுங்க. தலைகீழா மட்டும் பிடிச்சிராதீங்க, மூச்சு அடைச்சிரும். கரையலன்னா கூட்டிட்டு வாங்க, அறுத்துத்தான் எடுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் பரப்பி, கோழியை மிஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். ஒரு சட்டை தைப்பாள், எழுந்து எண்ணெய் விடுவாள், மடியில் வைத்துப் பிசைவாள். இத்தனை வருஷம் விரட்டியே பழகிய கை அது. இப்போது அந்தச் சூடான உடம்பு எந்தத் திமிறலும் இல்லாமல் மடியில் கிடந்தது அவளை என்னவோ செய்தது.

"கொத்தேன். நாலு கொத்து கொத்து, வாங்கிக்கறேன்" என்றாள். மேனேஜர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"கோழி எப்படி இருக்கு அண்ணி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அன்று பேத்தி பிறந்த செய்தியையும் நாத்தனார் சொன்னாள். "சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைத்தவள் மறுபடி கோழியை மடியில் எடுத்துக்கொண்டாள். அங்கே அவ்வளவு சந்தோஷம், இங்கே இப்படியொரு பொய்.

ரெண்டு நாளாகியும் பந்து கரையவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி.

"பயமா இருந்தா வெளிய இருங்கம்மா" என்றார் டாக்டர்.

"இல்ல, நானே பிடிச்சுக்கறேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, இறகை ஒதுக்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டினார் டாக்டர். இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நீல நூல், வெள்ளை நூல், இலாஸ்டிக் துண்டு, நடுவில் ஊறிப்போன தானியம். போன மாதம் தைத்த பாவாடைகளின் நீலத்தை டெய்லரக்கா பார்த்ததுமே கண்டுகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் பிடி தளரவில்லை.

டாக்டர் உள்ளே ஒரு தையல், தோலுக்குத் தனியாக ஒரு தையல் போட்டார்.

"லைனிங் வச்சுத் தைக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அவள், தன்னை அறியாமல்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க டெய்லரா? தையல் எப்படி, பரவாயில்லையா?"

"இன்னும் கொஞ்சம் நெருக்கமா போட்ருக்கலாம். இருந்தாலும் நேரா இருக்கு."

மறுநாள் முழுக்கக் கோழி அசையாமல் கிடந்தது. அதற்கு அடுத்த காலை, குழைய வேகவைத்த சோற்றைக் கரண்டியில் எடுத்து மூக்கருகே நீட்டினாள். மேனேஜர் ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு கொத்து. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கொத்து. மதியத்துக்குள் பெட்டித் துணியை அசிங்கம் செய்தும் வைத்தது. அதைப் பார்த்து டெய்லரக்காவுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "வயிறு வேலை செய்யுதுடி!" என்று கூவியே விட்டாள்.

"யாருக்குக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் அவள்.

பத்தாம் நாள் நாத்தனார் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்குமுன்பே டெய்லரக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். நூலை, ஆஸ்பத்திரியை, போனில் சொன்ன பொய்யை. நாத்தனார் பெட்டிக்கருகே குனிந்து, கோழியின் நெஞ்சு இறகை விலக்கித் தையலைப் பார்த்தாள். நிமிர நேரமாயிற்று.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு. மனசு ஆறும்" என்றாள் டெய்லரக்கா.

"உங்களை எதுக்குத் திட்டறது?" என்றாள் நாத்தனார். "அது நூலைப் புழுன்னு நெனச்சு இழுக்கறதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன். வேடிக்கையா இருக்கேன்னு நின்னு சிரிச்சிருக்கேன் அண்ணி. ஒரு வார்த்தை உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். எங்க பேசினோம் நாம?"

டெய்லரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியதில் முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு. நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்துப் பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

அடுத்த வாரம் தையல் பிரிக்க ரெண்டு பேருமே போனார்கள். "சுத்தமா ஆறிடுச்சு. இனிமே வழக்கமான தீனியே போடலாம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, நூலையெல்லாம் கூட்டிச் சுத்தமாக்கிய கொல்லையில் கோழியை விட்டுவிட்டு, ரெண்டு வாரத்தில் முதல்முறையாக டெய்லரக்கா மதியம் தலையைச் சாய்த்தாள். முன்னறையில் இன்னும் ஏழு சட்டைக்குப் பொத்தான் கட்டவேண்டியிருந்தது. நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"நீங்க தூங்குங்க அண்ணி. இதை நான் பாத்துக்கறேன்."