பாதுகாப்பு வகுப்புக்குப் பிறகு

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு இன்ரநெற் கஃபேயில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதைத் தொட்டாலும் பழுதாகிவிடுமோ என்று எப்போதும் ஒரு பயம். தட்டத் தெரியாத சனங்கள் தங்கள் பாஸ்வேர்டைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள், நான் தட்டிக்கொடுப்பேன். கடைக்காரர்களுக்கு நடந்த கணினிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்வந்த முதலாளி அதை நிறுத்தினார்.

“இனி அவையவை தங்கட பாஸ்வேர்டைத் தட்டட்டும். நீ கை வச்சா நாளைக்கு வராதை.”

பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த வவுனியா அம்மா வந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பிய மகனை ஏஜென்சிக்காரன் எந்த நாட்டில் இறக்கினான் என்று அவருக்குத் தெரியாது. மெயிலைப் பார்த்தால்தான் தெரியும்.

“பிள்ளை, ஒருக்கா தட்டிவிடன்.”

எனக்கு அந்தப் பாஸ்வேர்ட் மனப்பாடம். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கைகள் மடியிலேயே கிடந்தன.

அம்மா ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினார்.

“அன்ரி பியானோ பழகுறா,” என்றான் பக்கத்து மேசைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

பலமுறை பிழையாகத் தட்டியதில் மெயில் பூட்டிக்கொண்டது.

“மகன்ட கடிதம் உள்ளுக்க தானே தம்பி கிடக்கு?” என்று அம்மா முதலாளியிடம் கேட்டார்.

“ஓம் அம்மா. நல்ல பாதுகாப்பாக் கிடக்கு. ஒருத்தராலயும் எடுக்கேலாது.”