ஆடியில் பார்த்த வீடு

அந்த வீட்டை முதலில் பார்த்தது ஆனி மாதத்தின் கடைசி சனிக்கிழமை, வெயில் சாய்ந்த பிறகு. விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் வரும் ஒரு தெருவில், மூன்றாவது மாடி. புரோக்கர் பால்கனிக் கதவைத் திறந்ததும் வெறும் கூடத்துக்குள் காற்று வந்து நிறைந்தது. தொலைவில், துறைமுகத்தில் இடம் கிடைப்பதற்காகக் காத்திருக்கும் கப்பல்கள். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்ட அந்த நேரத்தில், அவை எதன் மேலும் மிதக்காமல் சும்மா இருப்பதுபோல் தோன்றின.

என் மனைவி தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஓதம் ஏறிய சுவர்கள் அதை வளர்த்துவிட்டிருந்தன. சொந்த வீடு என்று நாங்கள் கிளம்பியதே அவள் நெஞ்சுக்காகத்தான். அந்தக் கூடத்தில் அவள் மூச்சு வருவதும் போவதும் தெரியவில்லை.

"இன்னா சார், அம்மா இங்கயே குடி வந்துட்டாங்க போல கீதே," என்றார் புரோக்கர்.

அவளை அப்படியே விட்டுவிட்டு நான் சுற்றிப் பார்த்தேன். பத்திரமும் வில்லங்கச் சான்றும் எந்த ஊரிலும் பார்க்க வேண்டியவை. அவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார். உப்புக்காற்று ஊரில் வாங்குகிறவர்கள் கூடுதலாகச் சிலவற்றைத் தாங்களே பார்க்க வேண்டும். சன்ஷேடின் அடியில் துருக்கறை இறங்கியிருந்தால் உள்ளே கம்பி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் குறையில்லை. கடைசியாகச் சமையலறைக்குப் போனேன். மேற்குப் பார்த்த ஜன்னலின் விளிம்பு முழுக்கப் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது.

"கொசு சார்," என்றார் புரோக்கர்.

"மத்த ஜன்னல்ல கொசு வராதா?"

"அதெல்லாம் மருவாதயான கொசு சார்."

ஒரு நாள் காலையில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "அதான் பாத்தாச்சே, இன்னும் இன்னா? ஆடி பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுடு. அப்பால ஆவணி வரைக்கும் எவனும் கை வைக்க மாட்டான்."

காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. எங்கள் பக்கத்தில் ஆடிக் காலைகள் கோடைக்குச் சொந்தம். பொழுது உச்சி தாண்டிய பிறகுதான் கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். மேற்கே ஆலைகள். மார்கழியில் வாடை, வடக்கே அனல்மின் நிலையத்து நிலக்கரி. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் வீட்டுக் காரியம் ஆகாது என்று இங்கே யாரும் வீடு பார்ப்பதில்லை. காற்று உண்மை பேசும் மாதங்களை ஒதுக்கிவிட்டு, மற்ற மாதங்களில், அதுவும் மாலை நேரத்தில் பார்த்து வாங்குகிறோம். பதிவு முடிந்து முதல் ஆடி வந்ததும் டேப் வாங்கக் கடைக்குப் போகிறோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள். "ஒரு டேப்புக்காக அந்த வீட்டை விட்டுடுவீங்களா? அங்க நான் எப்படி மூச்சு விட்டேன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன். ஆடியில ஒரு காலையில போய்ப் பாத்துடுவோம்."

அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆடி முதல் ஞாயிறு காலை போனோம். அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. "ஆடியில வூடு பாக்குற மொத ஆளு நீதான் சார்," என்று முணுமுணுத்தபடி புரோக்கர் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு மெல்லிய நெடி, நெருப்பில்லாமல் எங்கோ ரப்பர் எரிவதுபோல. என் மனைவி நேராகப் பால்கனிக்குப் போனாள். கடல் இருந்தது, கப்பல்களும் இருந்தன. ஆனால் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு, வீட்டைக் கடந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் சமையலறைக்குள் போய் நகத்தால் டேப்பின் ஒரு முனையைக் கிளப்பி, ஜன்னலைத் திறந்தாள். சற்று நேரத்தில் அவள் நெஞ்சில் அந்தச் சீழ்க்கைச் சத்தம் ஆரம்பித்தது. நான் ஜன்னலை மூடிவிட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன்.

"கிளம்பலாம்," என்றேன்.

"இருங்க. கடல்காத்து எப்ப திரும்புதுன்னு பாத்துட்டுப் போலாம்."

கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். புரோக்கர் வாசல்படியில் தூங்கிப்போனார். உச்சிப் பொழுதுக்கு மேல் எல்லாம் அசையாமல் நின்றது. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு புடவை மூச்சை அடக்கியதுபோல் தொங்கியது. பிறகு அது மெல்ல மேற்குப் பக்கமாகச் சாய்ந்தது. யாரோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனதுபோல் அந்த நெடி வீட்டை விட்டு வெளியேறியது.

"பாதி நாள் நல்ல வீடு," என்றாள் அவள். குரலில் கோபமில்லை.

கண்விழித்த புரோக்கர் விடவில்லை. "காலைல வேலைக்குப் பூட்டா இதெல்லாம் இன்னா தெரியப் போவுதும்மா?"

"நான் வூட்டோட இருக்கறவ, நைனா. காலைல மட்டும் மூச்சு விடாம இருக்க முடியுமா?"

படியிறங்கும்போது அவரே மனமிளகிச் சொன்னார். "காசிமேட்டாண்ட ஒண்ணு கீது. கடல் தெரியாது. தெருவெல்லாம் கருவாட்டு நாத்தம். உனுக்கு ஆவாதும்மா."

"கருவாடு பசியத்தான் கிளப்பும். வர்ற ஞாயித்துக்கிழம காலைல காட்டு."

அடுத்த ஞாயிறு காலை போய்ப் பார்த்தோம். இரண்டாவது மாடி, சிறிய அறைகள், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். என் மனைவி நான்கு ஜன்னல்களையும் திறந்து, ஒவ்வொன்றின் அருகிலும் நின்று பார்த்தாள். கருவாடும் டீசலும் கலந்த வாசனை வீடெங்கும் உலாவியது. வெகுநேரம் காத்திருந்தோம். அவள் நெஞ்சு எந்தச் சத்தமும் எழுப்பவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தேன். வீட்டுக்கார அம்மாள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆடியில காசத் தொட மாட்டேன். ஆவணில வா."

"அதுக்குள்ள வேற யாருக்காவது குடுத்துட்டீங்கன்னா?" என்றாள் என் மனைவி.

"ஆடியில எவன்மா வூடு பாக்க வருவான், உங்க ரெண்டு பேரத் தவுர?" உள்ளே போய்ச் சொம்பில் கூழ் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "இந்தா, குடி. வாக்கு குட்த்தாச்சு."

அவள் ஜன்னலோரமாகப் போய் நின்று, அவசரப்படாமல் குடித்தாள்.