பல் பிடுங்கியவனுக்கு ஒரு சேவல்

கடைசியாக முளைத்த கடைவாய்ப் பல் ஈறைக் கிழித்துக் கோணலாக நின்றதால், மதுரையில் ஒரு டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். புண் ஆறும்வரை எதையும் மெல்லாதே, ஆறின கஞ்சியே குடி என்றார்.

மறுநாளே சமயநல்லூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நோய் விசாரிக்க வெறுங்கையோடு வரக் கூடாதாம். என் உடம்பு தேற ஒரு சேவல் கொண்டுவந்திருந்தார். அதை அறுத்துக் குழம்பு வைத்து, வீங்கின கன்னத்தோடு நான் கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர்களே தின்று தீர்த்தார்கள். எலும்பைக் கடித்தபடி அவர் சொன்னார்: "ஒத்தப் பல்லுக்கா மாப்ள இம்புட்டு அலட்டல்?"

நான் மிச்சக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தேன்.

மறு வருஷம் அவருக்கும் அதே பல்லைப் பிடுங்கினார்கள். சேதி கேட்டதும் சந்தையில் கொழுத்த சேவலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு வண்டி ஏறினேன்.