தம்பியைத் தராசில் தூக்கிய நாள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஏழு பிள்ளைகள். நான் பெற்றது நாலு, செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனது மூன்று. ஏழில் ஒன்றுகூட நோஞ்சான் இல்லை. ஆனாலும் நேற்று அங்கன்வாடியில் கொள்ளுப்பேரனைத் தராசில் தூக்கியபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிட்டே போய் அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். டீச்சர் சிரித்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அச்சன்புதூரிலிருந்து போய், செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். இரண்டு வயதுத் தம்பி என் இடுப்பில். வயிறு மட்டும் பானை, கை கால் குச்சி. இறக்கிவிட்டால் நடக்க மாட்டான், அழக்கூட மாட்டான். சமர்த்து என்று நினைத்திருந்தேன்.

மதியம் கொழுந்து நிறுக்கையில் பை குறைந்தால் கங்காணி வாயில் வராத வசவு கிடையாது. அதற்குப் பயந்து அம்மா பையின் அடியில் இரண்டு ஓடைக்கல்லைப் போடுவாள். கொழுந்தைக் கொட்டும் முன் நைசாக உருவிக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

குற்றாலத்தில் சீசன் களைகட்டி, மேலே எங்களுக்கு விடாமல் சாரல் அடித்த ஒரு நாள், கீழேயிருந்து ஒரு நர்சம்மா வந்தாள். கொழுந்துத் தராசிலேயே பிள்ளைகளை நிறுக்கப் போகிறார்களாம். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி குறைந்துவிட்டால் கங்காணி அம்மாவை என்ன பேச்சுப் பேசுவான்? ஓடைக்கு ஓடினேன். அப்பாவின் பழைய சட்டையைத் தம்பிக்கு மாட்டி, இரண்டு பையிலும் கல்லை நிரப்பி, மேலே துண்டைச் சுற்றினேன்.

அம்மா கொழுந்துப் பையோடு வந்து சேர்ந்தபோது தம்பி தராசில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"ஏ யப்பா, கல்லுக் கணக்கா இருக்காம்லா!" என்றான் கங்காணி. "அக்காக்காரி தான் திங்காம எல்லாத்தையும் இவனுக்கே ஊட்டுதா போல."

"தேறின பிள்ளைதான்," என்றாள் நர்சம்மா. "சாரல்ல சட்டையக் கழத்தாண்டாம். தூக்கிட்டுப் போ."

கடைசியில் எடை குறைந்த பிள்ளைகளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்களுக்கு வசவு விழப்போகிறது என்று பார்த்தேன். ஆளுக்கு ஒரு டின் பால்மாவு கொடுத்தாள்.

அம்மா தம்பியை என்னிடமிருந்து வாங்கினாள். அவள் கை சட்டைப் பையில் பட்டது. நர்சம்மாவைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற கங்காணியைப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"எம்மா, நம்ம தம்பி கொறையலல்லா?" என்றேன்.

"கொறையலட்டி. நட."

ஓடைக்கரையில் நின்று கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டாள். எனக்கு அடி விழவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறாள் என்றே நினைத்தேன். பிறகு டின் கிடைத்த வீடுகளில் ஏறி இறங்கி, ஒரு கரண்டி, அரைக் கரண்டி மாவு கேட்டு அலைந்தாள். அது ஏன் என்றும் நான் கேட்கவில்லை. மழை முடிந்து நர்சம்மா மறுபடி வந்தபோது என் இடுப்பு காலியாக இருந்தது.

பையில் கல் என்று அம்மா அன்று சொல்லியிருந்தால், இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கங்காணி கேட்டிருப்பான். அவள் வாயை அடைத்தது அதுதான் என்பது நான் தாயான பிறகே எனக்கு உறைத்தது.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். மொதல்லருந்து வாசி. ஏழு பிள்ளைன்னு வருத இடத்துல கொஞ்சம் நிறுத்து. அங்கன ஒருத்தனச் சேக்கணும்.